தராசில் தனியாக

எனக்கு விமானம் என்றாலே பயம். எங்கள் ஓடுதளம் மலைச்சரிவில் இருக்கிறது. புல்தரை சரிந்துகொண்டே போய்ப் பள்ளத்தாக்கில் முடியும். அதற்குள் சக்கரம் எழும்ப வேண்டும். எழும்பாவிட்டால் என்ன ஆகும் என்று ஊரில் யாரும் பேசுவதில்லை.

அன்று பிரசவ வலியில் இருந்த தோரினுக்காக ஏறித்தான் ஆகவேண்டும். அவள் வயிற்றில் பிள்ளை குறுக்கே கிடந்தது. அறுத்து எடுக்க ஹேகன் நகரத்துக்குப் போகணும். இங்கே நர்ஸ் நான் ஒருத்திதான். மேகத்தால் காலை விமானம் உச்சிவெயிலில் வந்தது. விமானி கிலாவின் முகமே சரியில்லை. இந்த உயரத்தில் காற்று மெல்லிசு, வெயிலேறினால் இன்னும் மெலியும், இறக்கைக்குப் பிடிமானம் கிடைக்காது என்றான். கிழங்கு நிரம்பிய, பிலும் என்னும் பின்னல் பைகளை இறக்க வைத்தான். தோரின், அவள் புருஷன் காபே, நான், மூவரும் தராசில் ஏறினோம். கணக்கு மயிரிழையில் சரியாக வந்தது.

ஓடுதளத்தின் பாதியில் ஒரு வெள்ளை டிரம் உண்டு. அதற்குள் போதுமான வேகம் வராவிட்டால் நிறுத்திவிட வேண்டும் என்பது கிலாவின் சட்டம். வரவில்லை. பிரேக்கை மிதித்தான். விமானம் புல்லில் வழுக்கிக்கொண்டே போனது. நின்றபோது கண்ணாடிக்கு முன்னால் பள்ளத்தாக்குதான் இருந்தது.

சரிவின் மேல்முனைக்குத் திரும்பி வந்ததும், எடையில்தான் தப்பு என்றான் கிலா. அப்போதுதான் எனக்கு உறைத்தது. தராசில் நின்ற தோரினை அவள் நாத்தனார்கள் இருவரும் இரண்டு பக்கமும் கைத்தாங்கலாகத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். நோயாளியைத் தனியே நிற்க விடுவது எங்கள் ஊரில் வழக்கமே இல்லை. பார்த்தும் எனக்குத் தோன்றவில்லை.

"யாரும் தொடக்கூடாது. பாசத்துலயே கொன்னுடுவீங்க போல," என்றான் கிலா.

நாத்தனார்கள் அழுதுகொண்டே விலகினார்கள். தோரின் மறுபடி தராசில் ஏறித் தனியாக நின்றாள். முள் ஏறிக்கொண்டே போனது.

"ஒரு ஆள் இறங்கணும். நீங்களா சிஸ்டர், அவரா?"

சத்தியமாகச் சொல்கிறேன், 'நான் இறங்குறேன்' என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். பெண்சாதியைத் துணையில்லாமல் அசலூருக்கு அனுப்பியவன் என்ற பேச்சைக் காபே காலத்துக்கும் கேட்க வேண்டியிருக்கும். அவன் என்னையே பார்த்தான்.

"வழியில ரத்தம் போனா எனக்கு என்ன செய்யணும்னு தெரியாது சிஸ்டர். நீங்க போங்க."

"பயமா இருக்குடா காபே," என்றேன்.

"எனக்கும்தான்," என்று சொல்லி விலகிக்கொண்டான்.

விமானம் மறுபடி ஓடியது. கண்ணை இறுக மூடிக்கொண்டேன். தடதடப்பு திடீரென்று நின்றது. அடிவயிறு காலியானது.

"சிஸ்டர், விழுந்துட்டோமா?" என்று தோரின் கேட்டாள்.

"இல்லடி, பறக்குறோம்," என்றேன், கண்ணைத் திறக்காமலே.

அப்போது ஒட்டி உட்கார்ந்திருந்த தோரினின் பக்கமிருந்து என் மடியில் சூடாக ஈரம் பட்டது. ரத்தம். கண்ணைத் திறந்தேன். அதற்கப்புறம் அவளையே கவனித்ததில் மலையும் தெரியவில்லை, மேகமும் தெரியவில்லை. ஹேகனில் சக்கரம் தரையைத் தொட்டபோதும் அவள் நாடி என் விரலடியில் துடித்துக்கொண்டிருந்தது.