நாற்பது சென்டிமீட்டர் அலை

ஒரே அளவான அலைக்கோட்டைக் கம்ப்யூட்டரில் எப்படி வரைவது என்று கேட்டால் இப்போதும் தூக்கத்தில்கூடச் சொல்லிவிடுவேன். மவுஸைப் பிடித்து நெளித்து நெளித்து இழுப்பவர்கள் முட்டாள்கள். அப்படி வரைந்தால் ஒரு அலை குண்டாக இருக்கும், அடுத்தது நோஞ்சானாக இருக்கும். முதலில் ஒரு நேர்க்கோடு போட வேண்டும். அதைச் சமமாகப் பிரித்துப் புள்ளிகள் வைக்க வேண்டும். நாங்கள் அதை நோடு என்போம். பிறகு கோட்டை வளைகோடாக மாற்றி, ஒன்றுவிட்ட நோடுகளை மொத்தமாகப் பிடித்து மேலே தூக்கி, எல்லாவற்றையும் வழவழப்பாக்க வேண்டும். ஐந்து அலையும் அச்சில் வார்த்ததுபோல வந்து நிற்கும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, நானே கண்டுபிடித்தேன். அதனால் திமிரும் நிறைய இருந்தது.

அது 1997. திருப்பூரில் சென்னியப்பன் என்பவருடைய பிரிண்டிங் யூனிட்டில், ஏசி போட்ட ஒரே அறையில், படம் வரைகிற கோரல் டிரா சாஃப்ட்வேர் இருந்த ஒரே கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். பெயர் ஜெய்புன்னிசா, வயது இருபத்திரண்டு. அத்தா மீரா சாகிப் பனியன் கட்டிங் வேஸ்ட் வாங்கி விற்பவர். ஒரே ஒரு நிபந்தனையோடுதான் என்னை வேலைக்கு அனுப்பினார். "உம்மேல ஒரு பேச்சு வந்துச்சுன்னா அன்னையோட ஊட்டுல உக்காந்துக்கோணும்." வீட்டில் உட்காருவது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். ஈரோட்டில் ஒரு மாப்பிள்ளையைப் பார்த்துத் தயாராக வைத்திருந்தார்கள். அவரை நான் ஒருமுறை பார்த்தேன், அது போதுமானதாக இருந்தது.

அந்த ஐப்பசியில் ஜெர்மனிக்குப் போகும் குழந்தைகள் பனியன் ஒன்று வந்தது. நெஞ்சின் குறுக்கே ஐந்து நீல அலைகள், முதுகில் ஐந்து. முன்பக்கம் ஓடும் அலை, பக்கத் தையலைத் தாண்டி முதுகுப் பக்கமும் அறுபடாமல் ஓட வேண்டும். சாம்பிள் கேட்டபோது அவசரம் என்பதால், தைத்து முடித்த பனியன் மேலேயே அச்சடித்து அனுப்பினோம். எல்லா யூனிட்டிலும் செய்கிற வேலைதான். சாம்பிள் பாஸாகிவிட்டது. பன்னிரண்டாயிரம் பீஸுக்கு ஆர்டர் வந்தது.

ஆர்டரை அப்படி அடிக்க முடியாது. துணியை முன்பக்கம், பின்பக்கம் என்று வெட்டி, அச்சடித்து, அதற்குப் பிறகுதான் தைப்பார்கள். நான் ஸ்கேலை எடுத்துக்கொண்டு போய் வெட்டிய துணியை அளந்தேன். நாற்பது சென்டிமீட்டர் இருந்தது. எட்டு சென்டிமீட்டருக்கு ஒரு அலை, ஐந்து அலை, இந்த ஓரத்தில் தொடங்கி அந்த ஓரத்தில் முடியும்படி துல்லியமாகப் போட்டேன். தைக்கும்போது இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு சென்டிமீட்டர் தையலுக்குள் போய்விடும் என்பது என் தலையில் ஏறவே இல்லை. பனியன் ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள் நான்.

நான் வரைந்ததைப் பிலிமாக எடுத்து, அதை வைத்து அச்சடிக்கும் ஸ்கிரீன் தயாரானதும் வேலை வீரண்ணனிடம் போனது. நீள மேசையில் துணிகளை வரிசையாக ஒட்டி, ஸ்கிரீனை வைத்துச் சாயம் இழுக்கிற டேபிள் ஆள் அவர். பதினான்கு வருடமாக அதே மேசை. சேவூரிலிருந்து பஸ்ஸில் வருவார். முதல் துணியை அடித்ததும் அதைக் கையிலேந்திக்கொண்டு என் அறைக் கதவுக்கு வெளியே வந்து நின்றார். சாயம் படிந்த காலோடு ஏசி ரூமுக்குள் வர மாட்டார்.

"ஏனுங் அம்மிணி, ஓரத்துல தையலுக்கு உட்டீங்களா? அலை சரியா முனையிலயே நிக்குதே."

அப்போதாவது எழுந்து போய்ப் பார்த்திருக்கலாம். இரண்டு துணியைச் சேர்த்து ஒரு ஊசி போட்டால் தெரிந்திருக்கும். எனக்குக் கோபம்தான் வந்தது. அஞ்சாவது படித்தவர் என் அளவைக் கேள்வி கேட்கிறாரே என்ற கோபம். அதை இன்று சொல்லவே நாக்கு கூசுகிறது.

"சாம்பிளே பாஸாயிருச்சுங்கண்ணா. கம்ப்யூட்டர்ல அளந்து போட்டது. நீங்க சாயத்தை ஒழுங்கா இழுத்தாப் போதும்."

"செரிங் அம்மிணி" என்று போய்விட்டார்.

தைத்துக் கட்டிய பிறகுதான் தெரிந்தது. பக்கத் தையலில் முன் அலை கீழே நிற்க, பின் அலை விரல் அகலம் மேலே தொடங்கியது. ஒரு பீஸ் இல்லை, பன்னிரண்டாயிரமும் அப்படியே. நான் அவ்வளவு துல்லியமாக வரைந்திருந்ததால் தப்பும் அவ்வளவு துல்லியமாக எல்லாவற்றிலும் இருந்தது. பனியனை வாங்கும் ஜெர்மன் கம்பெனியின் சென்னை ஆபீஸ்காரர்கள் வந்து முழு ஆர்டரையும் ரிஜெக்ட் செய்தார்கள்.

முதலாளி சென்னியப்பன் எல்லோரையும் மேசைக்குப் பக்கத்தில் நிறுத்திக் கேட்டார். "துணியை ஒழுங்கா ஒட்டுனியா வீரா?"

வீரண்ணன் என்னைப் பார்க்கவில்லை. அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. பார்த்திருந்தால் எல்லோரும் என் பக்கம் திரும்பியிருப்பார்கள். "ஒட்டுனனுங்க" என்று மட்டும் சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை. ஈரோட்டு மாப்பிள்ளையின் முகம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. அவ்வளவு மலிவான காரணம்.

மறுநாள் ஆபீஸ்காரர்கள் ஒரு கடிதம் கேட்டார்கள். தவறு எதனால் வந்தது, என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று எழுதித் தர வேண்டும். யூனிட்டில் டைப் அடிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். முதலாளி சொல்லச் சொல்ல ஆங்கிலத்தில் அடித்தேன். துணியை மேசையில் சரியாக ஒட்டாததே காரணம், அதற்குப் பொறுப்பான வீரன் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். ஸ்பெல்லிங் சரியா என்று இரண்டு முறை பார்த்தேன். பிரிண்ட் எடுத்துக் கையெழுத்துக்கு வைத்தேன்.

திருப்பூரில் இப்படிப்பட்ட சேதி சாயத்தைவிட வேகமாக ஓடும். கோணல் ஒட்டின ஆள் என்று எந்த யூனிட்டிலும் அவரை மேசைக்குச் சேர்க்கவில்லை. பல்லடம் பக்கம் கோழிப் பண்ணைக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டேன். கேட்டுவிட்டு வேலை பார்த்தேன், சாப்பிட்டேன். நோன்பும் வந்தது, பெருநாளும் வந்தது. ஒன்றும் குறையவில்லை, ஆனால் எதிலும் மனசு ஒட்டவில்லை.

மாசியில் ஒருநாள் பழைய பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். பதினான்கு வருடமாக நகக்கண்ணில் இருந்த நீலம் போய், சட்டையில் கோழி வாடை வந்திருந்தது. ஒதுங்கிப் போகத்தான் நினைத்தேன். அவரே கிட்டத்தில் வந்தார்.

"நல்லாருக்கீங்களா அம்மிணி? இப்பெல்லாம் ஓரத்துக்கு உட்டுப் போடறீங்களா?"

குத்திப் பேசவில்லை. அடுத்த ஆர்டரும் போய்விடக் கூடாதே என்ற அக்கறை மட்டும்தான் அந்தக் குரலில் இருந்தது. "உட்டுத்தானுங்கண்ணா போடறேன்" என்றேன். தலையாட்டிவிட்டுப் பல்லடம் பஸ்ஸில் ஏறிக்கொண்டார்.

அடுத்த நாள் காலையில் நேராக முதலாளியிடம் போனேன். வீட்டில் உட்காரத் தயாராகத்தான் போனேன். அத்தாவிடம் சொல்ல வேண்டியதைக்கூட வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

"சார், அந்த ஜெர்மனி ஆர்டர்ல தப்பு என்மேலதானுங். வெட்டுன துணியை அளந்து போட்டுட்டேன். தையலுக்கு உடலை. வீரண்ணன் கேட்டாரு, நாந்தான் பேசி அனுப்பிட்டேன்."

அவர் பேப்பரை மடித்து வைத்தார்.

"தெரியும் அம்மிணி. பீஸ் வந்த அன்னைக்கே உங்க பிலிமை ஸ்கேல் வெச்சுப் பாத்துட்டேன்."

"அப்பறம் ஏனுங் சார் அவரை அனுப்புனீங்க?"

"டேபிளுக்கு ஆளுன்னா இன்னைக்கே பத்துப் பேரு வருவாங்க. உங்களை அனுப்பிப்போட்டு கோரல் தெரிஞ்ச ஆளுக்கு நான் எங்க போறது?"

"இப்பவாச்சும் அவரைக் கூப்பிட்டுக்குங் சார்."

"அவனை நிறுத்தியாச்சுன்னு லெட்டர் குடுத்திருக்கோம். நீங்கதான டைப் அடிச்சீங்க. ஆபீஸ்காரங்க மாசாமாசம் வந்து டேபிளைப் பாத்துட்டுப் போறாங்க. அவன் அங்க நின்னா நான் என்னன்னு சொல்றது?"

நான் நின்றுகொண்டே இருந்தேன். வேலையை விட்டுப் போகிறேன் என்று சொல்ல வேண்டிய இடம் அதுதான். அந்த வார்த்தையை எடுத்துக்கொண்டுதான் வந்திருந்தேன். போ என்று அவர் சொல்லியிருந்தால் போயிருப்பேன். நானாகப் போவதற்கு எனக்குத் தெம்பில்லை என்பது அந்த நிமிஷத்தில்தான் எனக்கே தெரிந்தது.

முதலாளி எனக்கும் சேர்த்து டீ சொன்னார். டீ வந்தது, உட்கார்ந்து குடித்தேன்.

"புதுசா வந்த கோடு போட்ட ஆர்டருக்குப் பிலிம் எப்ப அம்மிணி ஆகும்?" என்று கேட்டார்.

"மத்தியானத்துக்குள்ள ஆயிருமுங் சார்" என்றேன்.