எஃப் வரிசையில் ஒரு சோபா

வியாழக்கிழமை மதியம் மூன்று மணிக்கு நோரீன் ஹால்வர்சன் பள்ளி அரங்கத்துக்குள் நுழைந்தபோது, எஃப் வரிசையின் ஓரத்தில் ஒரு சோபா கிடந்தது. வெள்ளைத் தோல் சோபா. பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் பனைமரம். பின்னால் ஆளுயரத்துக்கு பேனர்: கண்ட்லாக் டிரக் விற்பனையகத்தின் அன்பளிப்பு. முன்னால் ஒரு குட்டி மேஜை, அதன்மேல் தட்டு நிறைய சாக்லேட். விஸ்கான்சினில் மார்ச் மாதம்; வெளியே முழங்கால் அளவு அழுக்குப் பனி. உள்ளே பனைமரம்.

நோரீன் அந்த உயர்நிலைப் பள்ளியில் கணக்கியல் ஆசிரியை. பதினோரு வருடங்களுக்கு முன் டிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு உடம்புக்கு முடியாமல் போக, "இந்த ஒரு நாடகத்துக்கு மட்டும்" என்று கேட்டுத்தான் அவளிடம் டிக்கெட் அறைச் சாவியைக் கொடுத்தார்கள். அப்புறம் யாரும் திருப்பிக் கேட்கவில்லை. இருக்கை வரைபடம், டிக்கெட் விற்பனை, நிகழ்ச்சிப் புத்தகத்துக்கு ஊர்க் கடைகளில் விளம்பரம் பிடிப்பது, இடைவேளைக்குத் தின்பண்டம், ஒரே இருக்கைக்கு இரண்டு பாட்டன்மார் சண்டை போட்டால் விலக்கிவிடுவது எல்லாம் அவள் தலையில்தான். அறுநூற்றுப் பன்னிரண்டு இருக்கைகளில் எது கிரீச்சிடும், எதில் உட்கார்ந்தால் தூண் மறைக்கும் என்று அவளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தெரியும்.

சோபா கிடந்த இடத்தையும் அவளுக்குத் தெரியும். அங்கே இருக்கைகளே கிடையாது. படியில்லாத சமதளம், பக்கக் கதவுக்கு நேர் வழி. வீல் சேரில் வருகிறவர்களுக்கான நான்கு இடங்கள். அரங்கம் முழுவதிலும் அவர்களுக்கென்று இருந்தது அந்த நான்குதான்.

மூன்று வாரம் முன்பு பள்ளி முதல்வர் டுவைட் பெர்ட்ராம் அவளுக்கு ஒரு வரி மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். அந்த இடத்துத் தரையில் ரிப்பேர் வேலை இருக்கிறது, நான்கையும் விற்பனையிலிருந்து எடுத்துவிடவும். அவளும் எடுத்துவிட்டாள். போய்ப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை மார்லா ஸாஸ்ட்ரோ போன் செய்தாள். ஊர்த் தபால் ஆபீஸ் கவுன்ட்டரில் இருப்பவள். நான்கு வருடமாக வீல் சேரில்தான். அவள் மகள் கெல்சிக்கு நாடகத்தில் முதல் தடவையாகத் தனியாகப் பாட ஒரு அடி கிடைத்திருந்தது.

"தரை ரிப்பேருங்க மார்லா. இந்தத் தடவை இடமே இல்லை. மன்னிச்சுக்கோங்க" என்று சொன்னாள் நோரீன்.

"பரவால்ல. யாராவது போன்ல பிடிச்சுக் காட்டுவாங்க" என்று சொல்லி மார்லா வைத்துவிட்டாள்.

இப்போது நோரீன் குனிந்து தரையைப் பார்த்தாள். விரிசல் இல்லை, பெயர்ந்த பலகை இல்லை, ஒரு ஆணிகூடத் துருத்திக்கொண்டிருக்கவில்லை. மெழுகு போட்டுப் பளபளவென்று இருந்தது. பொய்யை ஜோடித்தது டுவைட். சொன்ன வாய் இவளுடையது. வாயில் ஊறிய எச்சிலை விழுங்கவே கூசியது.

அன்று மாலை முதல் நாடகம்; தின்பண்ட மேஜைக்கு பிரவுனி கேக் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு, பள்ளி உணவுக்கூடத்தில் வேலை பார்க்கும் ஓப்பல் வந்தாள். சோபாவைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"என்னடி இது, பல் டாக்டர் ஆபீஸ் மாதிரி?"

"வீல் சேர் இடம்."

"அது தெரியாதா எனக்கு? யார் கொண்டாந்து போட்டது?"

பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பக்கக் கதவைத் திறந்துகொண்டு டுவைட்டே வந்தார், கைகளைத் தேய்த்துக்கொண்டு.

"எப்படி இருக்கு? நம்ம ஸ்பான்சர் குடும்பத்துக்கு ஒரு மரியாதை. வந்து உட்கார்ந்தா ஒரு படம், இடைவேளையில இன்னொரு படம்."

"தரை ரிப்பேர்னு எழுதினீங்க டுவைட்."

"அது..." அவர் சிரித்தார். "ஏதாவது ஒரு காரணம் எழுதணும்ல? புது ஒலிபெருக்கி முழுக்க லைல் கண்ட்லாக் குடுத்தது. அந்த மனுஷனை கிரீச்சிடுற நாற்காலியில உட்கார வைக்கச் சொல்றீங்களா?"

"மார்லா ஸாஸ்ட்ரோவை நான் வர வேண்டாம்னு சொல்லிட்டேன். பொண்ணு மேடையில பாடுறா."

"யாரு, தபால் ஆபீஸ் மார்லாவா? அடடா. அடுத்த வருஷம் கண்டிப்பா முதல் ஆளா அவங்களைக் கவனிச்சுடலாம். லைலே ஆசைப்பட்டுக் கேட்டது நோரீன், எப்படி மறுக்கிறது?"

அவர் போனபின் அவர் பூசியிருந்த வாசனைத் தைலத்தின் நெடி மட்டும் அங்கேயே நின்றது. ஓப்பல் முகத்தைச் சுளித்துக்கொண்டு கதவை விரியத் திறந்துவைத்தாள்.

நோரீன் டிக்கெட் அறைக்குப் போய் கதவைச் சாத்திக்கொண்டாள். லைல் கண்ட்லாக் அவளுக்கு நேரில் பழக்கமில்லை. அவருடைய டிரக் விற்பனையகத்துக்குப் போன் போட்டு, அவரிடம் கொடுக்கச் சொன்னாள். பணக்காரரிடம் சண்டை போடத் தயாராகத்தான் போட்டாள்.

"சோபாவா? என்ன சோபா?" என்றார் அவர்.

அவள் சொன்னாள். பனைமரம் வரைக்கும் சொன்னாள்.

"அம்மா தாயே, என் பொண்டாட்டிக்கு முதுகு வலி. சோபாவுல உட்கார்ந்தா எழுந்திருக்க ரெண்டு ஆள் வேணும். நான் ஜே வரிசையில ரெண்டு டிக்கெட் காசு போட்டு வாங்கி ஒரு மாசம் ஆச்சு, உங்க கணக்குலயே பாருங்க. பேனர் வேணும்னு டுவைட்தான் எங்க ஆபீஸ்ல கேட்டு வாங்கிட்டுப் போனார். அந்த இடத்துல யார் உட்காருவாங்களாம்?"

"வீல் சேர்ல வர்றவங்க."

"என் பேரைப் போட்டா அங்க நிறுத்தியிருக்கார்? கிழிச்சுத் தூரப் போடுங்க."

இருக்கை வரைபடத்தில் ஜே வரிசையைப் பார்த்தாள். பதினான்கும் பதினைந்தும், கண்ட்லாக். பணம் கட்டியாயிற்று. யாராவது மிரட்டியிருந்தால், பேராசைப்பட்டுக் கேட்டிருந்தால்கூட ஒரு மாதிரி புரிந்துகொள்ளலாம். யாருமே கேட்கவில்லை. கூப்பிடுவதற்கு முன்னாலேயே இந்த மனிதர் வாலை ஆட்டிக்கொண்டு போய் நின்றிருக்கிறார். அதற்கு இன்னொருத்தியின் இடத்தைப் பிடுங்கி விரித்திருக்கிறார்.

அவளும் ஓப்பலும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து சோபாவை நடைவழியில் தள்ளிக்கொண்டு போய் ஆசிரியர் அறையில் விட்டார்கள். பனைமரத்தை ஓப்பல் தனியாகத் தூக்கிப்போய் ஆண்கள் கழிப்பறையில் வைத்துவிட்டு வந்தாள்.

"அங்கதான் அதுக்குத் தண்ணி கிடைக்கும்" என்றாள்.

அப்புறம் நோரீன் மார்லாவுக்குப் போன் செய்து, இடம் இருக்கிறது, வரலாம் என்றாள்.

"தரை சரியாயிடுச்சா? மூணு நாள்லயா?" என்று கேட்டாள் மார்லா.

ஆமாம் என்று சொல்லிவிட்டால் அத்தோடு முடிந்துவிடும். நாக்கு நுனிவரை வந்தது அது.

"தரைக்கு ஒண்ணுமே ஆகலை. உங்க இடத்துல சோபா போட்டுட்டாங்க. நான் போய்ப் பார்க்காம உங்ககிட்ட பொய்யைச் சொல்லிட்டேன்."

"சோபாவா?"

"ஆமா."

"நல்ல சோபாவா?"

"வெள்ளைத் தோல்."

மார்லா சிரித்தாள். கேட்க நன்றாக இல்லை அந்தச் சிரிப்பு. "இன்னிக்கு நான் வரலை. இப்போ வந்தா உங்க மனசு ஆறணும்னு வந்த மாதிரி இருக்கும். சனிக்கிழமைக்கு ஒரு டிக்கெட் போடுங்க. இலவசம்னு மட்டும் சொல்லிடாதீங்க, வெச்சிடுவேன்."

"பன்னெண்டு டாலர்."

"கார்டு நம்பர் எழுதிக்கோங்க."

அன்று மாலை முதல் நாள் நாடகம் நடந்தது. எஃப் வரிசை ஓரம் வெறுமையாக இருந்ததைப் பார்த்து டுவைட் உதட்டைக் கடித்துக்கொண்டார். ஜே வரிசையிலிருந்து லைல் அவருக்குக் கையைக்கூட ஆட்டவில்லை.

சனிக்கிழமை மார்லா பச்சைக் கோட்டு போட்டுக்கொண்டு வந்தாள். நோரீன் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தாள். விளக்கு அணைய ஐந்து நிமிடம் இருக்கும்போது டுவைட் ஒரு புகைப்படக்காரரைக் கூட்டிக்கொண்டு நடைவழியில் இறங்கி வந்தார். மாவட்டச் செய்தி மடலுக்காம். வீல் சேரின் கைப்பிடியில் கையை ஊன்றிக் குனிந்து, பல் தெரியச் சிரித்தார்.

"மார்லா! நம்ம பள்ளியில எல்லாருக்கும் இடம் உண்டுன்னு ஊருக்குத் தெரியணும், இல்லையா?"

"முதல்ல கையை எடுங்க" என்றாள் மார்லா. குரலைத் தாழ்த்தவில்லை. "படம் வேணும்னா அந்த சோபாவைப் போய் எடுங்க. இடம் குடுத்தது அதுக்குத்தானே?"

இரண்டு வரிசை திரும்பிப் பார்த்தது. புகைப்படக்காரர் கேமராவை இறக்கிவிட்டார். டுவைட் அப்போதும் சிரித்தார். ஏதோ பெரிய வேடிக்கையைக் கேட்டதுபோல, சுற்றியிருந்தவர்களையும் சேர்த்துக்கொள்ளப் பார்க்கிற சிரிப்பு. யாரும் சேரவில்லை. கதவருகே நின்ற நோரீனுக்கு அந்தப் பற்களைப் பார்க்க முடியவில்லை.

கெல்சி பாடிய ஒரே ஒரு அடிக்கு மார்லாவின் உதடுகளும் கூடவே அசைந்தன. நோரீன் மேடையைப் பார்க்காமல் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு நடந்ததை நடந்தபடி எழுதினாள், முதல்வரின் மின்னஞ்சலையும் இணைத்து. பத்து நாளில் மூன்று வரி பதில் வந்தது. தகவல் பரிமாற்றத்தில் நேர்ந்த சிறு குழப்பத்துக்கு வருந்துகிறோம்; சம்பந்தப்பட்டவருக்கு அறிவுறுத்தப்பட்டது; தங்கள் சேவைக்கு நன்றி.

"சாவியை மூஞ்சியில எறிஞ்சுட்டு வாடி. பதினோரு வருஷம் போதாதா?" என்றாள் ஓப்பல்.

"எறிஞ்சா என்ன நடக்கும்? தலையை ஆட்டுற ஆளா பார்த்து எடுத்துக் குடுப்பார். நானே அப்படித்தானே ஆட்டினேன்?"

அவள் நேராக டுவைட்டின் அறைக்குப் போனாள். இனிமேல் இருக்கை வரைபடத்தில் அவளைத் தவிர யாரும் கை வைக்கக்கூடாது. எஃப் வரிசையின் நான்கு இடங்களை யார் கேட்டாலும், என்ன காரணம் சொன்னாலும், எடுக்க முடியாது. இதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும். உட்காராமலேயே சொன்னாள். அவர் தகராறு செய்வார் என்று எதிர்பார்த்திருந்தாள்.

"அற்புதம்! இதைத்தான் நானும் யோசிச்சுட்டு இருந்தேன்" என்றார் டுவைட். உடனே எழுதினார், கையெழுத்துப் போட்டார், எழுந்து வந்து கையை நீட்டினார். காகிதம் வேண்டியிருந்ததால் அவளும் கையைக் கொடுத்தாள். வெதுவெதுப்பாக, ஈரமாக இருந்தது.

எதிரே இருந்த மாணவிகள் கழிப்பறைக்குப் போய் சோப்பு போட்டு இரண்டு தடவை கை கழுவினாள். மூன்றாவது தடவையும் கழுவினாள். பிறகு டிக்கெட் அறையைத் திறந்து, இலையுதிர்கால நாடகத்துக்கான வரைபடத்தை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.