கண்ணாடிக்குள் குதிரை

நாகலூரில் தன்னால் ஆகாத காரியம் இல்லை என்றுதான் காளியப்பன் நினைத்துக்கொண்டிருந்தான். எஸ்டேட் ஜீப்பை மழையில் வழுக்கும் மண்பாதையில் ஒற்றைக் கையால் ஓட்டுவான். நின்றுபோன பம்ப்செட்டை இரண்டு உதை உதைத்தே ஓட வைப்பான். காட்டுமாடு வழியை மறித்து நின்றால் ஹாரன் அடிக்காமல், நல்ல வார்த்தை சொல்லியே நகர்த்துவான். வேலம்மாளைக் கட்டிக்கொண்ட பிறகுதான், ஒன்பது வயதுப் பிள்ளை ஒன்றைப் பேச வைக்கத் தன்னால் ஆகவில்லை என்று அவனுக்குத் தெரிந்தது.

தேவகுமாரி, வேலம்மாளின் முதல் புருஷனுக்குப் பிறந்தவள். அவர் காய்ச்சலில் போய்ச் சில வருஷம் ஆகியிருந்தது. பிள்ளை முரண்டு பிடிக்கவில்லை, அழவில்லை. அம்மாவிடம் மைனா மாதிரி கத்திக்கொண்டே இருப்பாள். வாசலில் காளியப்பன் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால், ரேடியோவை அணைத்த மாதிரி அது நின்றுபோகும்.

"சாப்ட்டியா கண்ணு?"

"சாப்ட்டனுங்க."

"பள்ளிக்கூடம் எப்படி இருந்துச்சு சாமி?"

"இருந்துச்சுங்க."

பஸ் கண்டக்டரிடம்கூட அவள் இதைவிட நாலு வார்த்தை கூடுதலாகப் பேசுவாள். சேலம் போய்வந்தபோது மைசூர்பாகு வாங்கிவந்து கொடுத்தான். தின்றாள். "நல்லாருக்குதுங்க" என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவப் போய்விட்டாள்.

காப்பிப்பழம் எடுப்பு முடிந்த சமயத்தில் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு விழா நடந்தது. சாக்கு ஓட்டத்தில் முதலாவதாக வந்த தேவகுமாரிக்கு ஓர் அட்டைப்பெட்டி பரிசு. உள்ளே செஸ் போர்டும் பிளாஸ்டிக் காய்களும் இருந்தன.

"இதை எப்படிம்மா ஆடறது?"

"எனக்கு என்ன தெரியும்? பல்லாங்குழின்னா ஆடுவேன்."

"எனக்குத் தெரியுமே" என்று ஒரு குரல் கேட்டது. அது தன்னுடைய குரல்தான் என்று காளியப்பனுக்கே கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது.

தேவகுமாரி திரும்பி அவனை நேராகப் பார்த்தாள். "அப்ப எனக்குச் சொல்லிக் குடுக்கறீங்களா?"

அவள் அவனிடம் முதன்முதலாக ஒன்று கேட்கிறாள். செஸ் என்ன, ஏரோப்ளேன் ஓட்டச் சொன்னாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பான்.

"நாளையிலிருந்து, கண்ணு. இன்னைக்கு நாள் நல்லால்லே."

ஊரிலே செஸ் ஆடும் இடம் ஒன்றே ஒன்று, பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே சேகரின் சலூன். அங்கே எஸ்டேட்டில் கணக்கு எழுதி ரிட்டயரான ரைட்டர் ஐயாக்கண்ணுவும் சேகரும் தினமும் ஆடுவார்கள். ஆனால் "எனக்குக் கத்துக் குடு" என்று சேகரிடம் வாய்விட்டுக் கேட்க முடியாது. அவன் காதில் விழுந்த சேதி அடுத்த பஸ்ஸுக்கு முன்னாலேயே ஏற்காடு போய்ச் சேர்ந்துவிடும். ஆகவே காளியப்பன் ஒன்றும் தெரியாதவன் மாதிரி போய் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"ஷேவிங் பண்ணு சேகரு."

முதுகுக்குப் பின்னால் பெஞ்சு, பெஞ்சின் மேல் போர்டு, எதிரே பெரிய கண்ணாடி. சேகர் கன்னத்தில் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு, பின்னால் போய் ஒரு காயை நகர்த்திவிட்டு வருவான். கழுத்தில் கத்தி இருக்கும்போது தலையைத் திருப்ப முடியாது. காளியப்பன் கண்ணாடியிலேயே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டான். எந்தக் காய் எங்கே நிற்கிறது, எது நேராகப் போகிறது, எது சாய்வாகப் போகிறது, எதை எது வெட்டுகிறது என்று பகலில் பார்த்ததைச் சாயங்காலம் தேவகுமாரிக்குச் சொல்லிக் கொடுத்தான்.

ஒரு நாளைக்கு ஒரு ஷேவிங்தானே செய்ய முடியும்? அது பத்தவில்லை. யானையும் மந்திரியும் பிடிபடுவதற்குள் கிருதா போயிற்று. ராணிக்கு முடிவெட்டு. குதிரை மட்டும் அவனுக்கு விளங்கவே இல்லை. தாவுகிறது, திரும்புகிறது, எங்கேயோ போய் உட்கார்ந்துகொள்கிறது. குதிரை நடை புரிவதற்குள் மீசை போய், கூடவே மிச்ச முடியும் போயிற்று.

"இனிமே வெட்டறதுக்கு என்னண்ணா இருக்குது?" என்று சேகர் மொட்டைத் தலையைத் தடவிப் பார்த்தான்.

"எண்ணெய் வெச்சுத் தேச்சு உடு."

வேலம்மாளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "ஏனுங்க, தினத்துக்கும் சலூனு. மூஞ்சி பளபளங்குது. யாருக்குக் காட்டறதுக்குங்க இந்த அலங்காரம்?"

"உனக்குத்தான்."

"எனக்குக் காட்டறதுக்கு எவனாச்சும் மீசையை எடுப்பானா?"

காளியப்பன் துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டான். சலூனுக்குப் போகாமலும் முடியாது; சாயங்காலம் ஆனால் பிள்ளை போர்டை விரித்துக்கொண்டு அவனுக்காகக் காத்திருக்கிறாளே. அவளுடைய பேச்சு என்னவோ ஆட்டத்தைத் தாண்டவில்லை. "உங்க ஆட்டமுங்க." "வெட்டிட்டேனுங்க." அவ்வளவுதான்.

ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள்.

"ஏனுங்க, ராஜா எந்தப் பக்கம் நிக்கோணும்?"

"ராணிக்கு இந்தப் பக்கம், கண்ணு."

"ட்ரில் மாஸ்டர் அந்தப் பக்கம்னு சொல்றாரு. போர்டே திருப்பி வெச்சிருக்குதாம். எல்லாரும் கைகொட்டிச் சிரிச்சாங்க."

எங்கே தப்பினோம் என்று காளியப்பனுக்குத் தெரியவில்லை. ஆனாலும் வாய் நிற்கவில்லை. "அது சேலத்து ஆட்டம், சாமி. இது மலை ஆட்டம்."

தேவகுமாரி அவனுடைய மொட்டைத் தலையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். காய்களைப் பெட்டியில் போட்டு மூடினாள். தொலைந்தது, இனி இவள் என்னிடம் எதையும் கேட்கமாட்டாள் என்று காளியப்பன் நினைத்துக்கொண்டான்.

மறுநாள் சலூனில் உட்கார்ந்து கண்ணாடியை வெறித்துக்கொண்டிருந்தபோது, வாசலில் பள்ளிக்கூடப் பையோடு ஓர் உருவம் நிற்பது அதில் தெரிந்தது. தேவகுமாரி. அவள் பெஞ்சின் மேல் இருந்த போர்டைப் பார்த்தாள். பிறகு கண்ணாடிக்குள் இடம் வலமாக மாறித் தெரிந்த போர்டைப் பார்த்தாள். பிறகு அவன் கண்ணைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள், ஆனாலும் தோள் இரண்டும் குலுங்கின.

"என்ன அம்முணி சிரிக்கறே?" என்றார் ஐயாக்கண்ணு. "உனக்கும் ஆடத் தெரியுமா?"

"தெரியுமுங்க."

"பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இதெல்லாம்? போயி அஞ்சாங்கல் ஆடு போ. இந்த ஊருல என்னைய செயிச்ச ஆம்பளையே இல்லே."

அவள் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. "நாளைக்கு வாரேனுங்க" என்று சொல்லிவிட்டு நடந்தாள். காளியப்பன் பாதி நுரையோடு பின்னால் ஓடினான்.

ரோட்டில் பனி இறங்கிக்கொண்டிருந்தது. அவன் மன்னிப்புக் கேட்க வாயைத் திறப்பதற்குள் அவளே கேட்டாள்: "அந்த ரைட்டரு எப்படி ஆடுவாருன்னு தினமும் பாத்தீங்கள்ல?"

"எல்லாத் திருட்டுத்தனமும் தெரியும். ஒரு சிப்பாயை இளிச்சவாயன் மாதிரி நிறுத்தி வெப்பான். வெட்டுனா நம்ம கதை முடிஞ்சுது."

"அப்ப நாளைக்கு நீங்க சேர்ல உக்காருங்க. நானு கண்ணாடியப் பாக்கறேன். சிப்பாயைத் தொடக் கூடாதுன்னா இருமுங்க. குதிரைய நகத்தோணும்னா காதைத் தொடுங்க. மாட்டேன்னு சொன்னீங்கன்னா, நீங்க கண்ணாடியில கத்துக்கிட்ட கதைய ஊருக்கே சொல்லிப்போடுவேன்."

மறுநாள் ஆட்டம் தொடங்கியது. ட்ரில் மாஸ்டர் சொன்ன மாதிரியே ராஜா தன் இடத்தில் நின்றார். ஐயாக்கண்ணு சிப்பாயை நீட்டினார். காளியப்பன் இருமினான். தேவகுமாரி அதைத் தொடவில்லை. இன்னொரு சிப்பாய் வந்தது. இன்னொரு இருமல்.

"காளியப்பா, கசாயம் வெச்சுக் குடிப்பா" என்றார் ஐயாக்கண்ணு. அவர் நெற்றியில் வியர்வை பூத்திருந்தது. அவருடைய மந்திரி போயிற்று. யானை ஒன்று போயிற்று. சேகர் கத்தியைப் பிடித்த கையோடு நின்று ஆட்டத்தை வேடிக்கை பார்த்தான். இன்னும் கொஞ்சம்தான். பிள்ளை யோசித்தபடி கண்ணாடியைப் பார்த்தாள்.

அந்த நேரம் பார்த்து சேகருக்குத் தன் தொழில் ஞாபகம் வந்தது. காளியப்பனுடைய காதைப் பிடித்து மடக்கி, பின்னால் முளைத்திருந்த முடியை மழிக்க ஆரம்பித்தான்.

அவள் கை குதிரைக்குப் போயிற்று. காளியப்பன் கண்ணை உருட்டினான். இருமப் பார்த்தான்.

"அசையாதீங்கண்ணா, காது போயிரும்."

ராஜாவுக்குக் காவல் நின்ற குதிரை எங்கேயோ தாவி உட்கார்ந்தது. ஐயாக்கண்ணுவின் மிச்சமிருந்த யானை தடதடவென்று இறங்கியது.

"செக்! மேட்டு! ஆட்டம் முடிஞ்சுது, அம்முணி!"

சலூன் கண்ணுக்கு மறையும்வரை இரண்டு பேரும் வேகமாக நடந்தார்கள். சில்வர் ஓக் மரங்களுக்குள் பாதை திரும்பியதும் தேவகுமாரி வெடித்தாள்.

"எதுக்கு இப்பக் காதைத் தொட்டீங்க?"

"நான் எங்க தொட்டேன்? அந்த சேகருப் பய தொட்டான்!"

"அப்ப இருமியிருக்கோணும்ல?"

"கழுத்துல கத்திய வெச்சுக்கிட்டு இருமச் சொல்றியா?"

"அந்த நேரத்துல போயி எதுக்குக் காதைக் குடுத்தீங்க?"

"காது என்ன சட்டைப் பித்தானா, கழட்டி வெச்சுட்டு வாரதுக்கு?"

"நொம்பப் பேசாதீங்க! செயிச்ச ஆட்டம்! கையில இருந்த ஆட்டம்! உங்கள நம்புனேன் பாருங்க!"

தப்பு என்மேல்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் சண்டை அங்கேயே முடிந்துபோகும். காளியப்பன் சொல்வானா? வீடு வர இன்னும் பாதி வழி கிடந்தது.

"தப்பெல்லாம் உன்மேலதான். யாரு காதை யாரு தொடறாங்கன்னு பாக்கறதுக்குக் கண்ணு வேண்டாமா?"

"என்னது? என்மேலயா?" அவள் நடுப்பாதையில் நின்று, பையை அவன் கையில் திணித்துவிட்டு, இரண்டு கையையும் வீசி முதல் காயை நகர்த்தியதிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லிக் காட்ட ஆரம்பித்தாள். ஒவ்வொன்றுக்கும் அவன் வேண்டுமென்றே குறுக்கே பேசினான். எதிரே விறகு சுமந்து வந்தவர்கள் ஒதுங்கி நின்று வழி விட்டார்கள்.

சத்தம் கேட்டு வேலம்மாள் கரண்டியோடு வாசலுக்கு வந்தாள். "என்ன ரெண்டு பேரும் ஊரைக் கூட்டறீங்க? என்னாச்சு?"

"ஒண்ணுமில்லே" என்றன இரண்டு வாயும் ஒரே நேரத்தில்.

அவள் இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒன்றும் பிடிபடவில்லை. முனகிக்கொண்டே அடுப்புக்குத் திரும்பினாள். அவள் தலை மறைந்ததும் சண்டை மறுபடி தொடங்கியது, இந்தத் தடவை குசுகுசுவென்று.