அனுப்பியதைவிட வேகமாக

செயின்ட் ஜான்ஸ் துறைமுகத்தில், ஒரு மீன் கிடங்கின் மாடியில் எங்கள் அலுவலகம். லாப்ரடோர் கரையோர மருத்துவ மையங்களில் எடுக்கும் ஸ்கேன் படத்தை, செயற்கைக்கோள் வழியே நகரத்து டாக்டர்களுக்கு நேரலையாகக் கொண்டுவரும் மென்பொருள் எங்களுடையது. அந்த வசந்தத்தில் புதிய செயற்கைக்கோளுக்கு மாறியதிலிருந்து படம் உறைந்து உறைந்து நின்றது.

"அனுப்பற வேகத்துக்கு ஒரு உச்சவரம்பு போட்டுட்டா தீந்துச்சு" என்றார் எங்கள் தலைவர் ஃபான்ஸ் ஹைன்ஸ். செயற்கைக்கோள் பாதை தாங்கும் வேகத்தைக் கணக்கிடும் பகுதியை எழுதியவரே அவர்தான்.

என்னோடு மென்பொருள் எழுதும் டார்கஸ் நோஸ்வர்த்தி ஒத்துக்கொள்ளவில்லை. "வேகத்தைக் குறைச்சா படம் மங்கும். மங்கின படத்துல டாக்டர் என்னத்தைப் பாப்பார்?"

அவள் லாப்ரடோர் மையம் ஒன்றில் இருந்த நர்ஸ் சபீனாவை ஃபோனில் அழைத்தாள். "உறையறதுக்கு முன்னாடி படம் எப்படி இருக்கு?"

"அதான் வேடிக்கை. கண்ணாடி மாதிரி பளிச்சுன்னு ஆகும். அடுத்த நொடி செத்துடும்."

டார்கஸ் ஃபோனை வைத்துவிட்டு யோசித்தாள். படம் பளிச்சென்று ஆகிறதென்றால், பாதை அகலமாகிவிட்டதாக நம்பி மென்பொருள் கூடுதலாகக் கொட்டுகிறது; பாதை அடைத்துக்கொள்கிறது. ஏன் நம்புகிறது? படத்தைத் துண்டாக்கி நாம் அனுப்பும் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் மறுமுனை 'வந்தது' என்று பதில் சொல்லும். எவ்வளவு நேரத்தில் எத்தனை பதில் வந்தது என்பதை வைத்துத்தான் வேகக் கணக்கு. புதிய செயற்கைக்கோளோ பதில்களைத் தேக்கிவைத்து மொத்தமாக அவிழ்த்துவிட்டது; கொஞ்ச நேரத்தில் நிறைய பதில் வந்ததைப் பார்த்துக் கணக்கு ஏமாந்தது.

ஃபான்ஸிடம் சொன்னாள். அவர் கேட்கவில்லை. "எத்தனையோ வருஷமா ஓடற கணக்கு. அதுல கை வைக்காதே."

அவள் வாக்குவாதம் செய்யவில்லை. சோதனை அறையில் அதேபோல் பதில்களைத் தேக்கிவிட்டு மென்பொருளை ஓட்ட என்னிடம் சொன்னாள். திரையை ஃபான்ஸ் பக்கம் திருப்பினாள்.

"இது நாம அனுப்பின வேகம். இது போய்ச் சேர்ந்ததா உங்க கணக்கு சொல்ற வேகம். அனுப்பினதைவிட வேகமா எப்படி ஃபான்ஸ் போய்ச் சேரும்? நடுவழியில குட்டி போட்டுச்சா?"

ஃபான்ஸின் முகம் சிவந்தது. பிறகு மேசையைத் தட்டிச் சிரித்தார். "அடிப்பாவி! என் மானத்தை வாங்கிட்டியே. சரி, மாத்து."

திருத்தம் சின்னதுதான். அனுப்ப ஆன நேரம், பதில் வர ஆன நேரம் இரண்டில் எது நீளமோ அதை வைத்துக் கணக்கிட வேண்டும். அப்போது போய்ச் சேர்ந்த வேகம் அனுப்பிய வேகத்தைத் தாண்டாது. சோதனையில் படம் எங்கும் உறையாமல் ஓடியது. ஃபான்ஸ் எல்லோருக்கும் வறுத்த மீன் வாங்கிக் கொடுத்து, திருத்தத்தை நாளைக்கே தருவதாக மருத்துவ மையங்களுக்கும் சொல்லிவிட்டார்.

மறுநாள் காலை, கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றாள் டார்கஸ். "கொடுக்காதீங்க. என் கணக்குலயும் தப்பு இருக்கு."

"ஊரெல்லாம் சொல்லியாச்சேம்மா! என்ன தப்பு?"

"சபீனா ஸ்கேன் கருவியை நோயாளி மேலேர்ந்து தூக்கினா அனுப்ப ஒண்ணும் இருக்காது. அந்தச் சும்மா இருக்கற நேரத்தையும் சேத்துக்கிட்டு, பாதை குறுகிடுச்சுன்னு என் கணக்கு நினைக்கும். திரும்ப வெச்சா கொஞ்ச நேரம் மங்கலாத்தான் தெரியும்."

எங்கள் சோதனை எதிலும் அது சிக்கியிருக்கவில்லை. அவள் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

"அப்போ நேத்து தின்ன மீனை நான் திருப்பிக் கேக்கலாமா?" என்றார் ஃபான்ஸ். ஆனால் மையங்களுக்குத் தானே ஃபோன் செய்து, தாமதம் தன்னால்தான் என்று சொன்னார்.

அனுப்ப ஏதுமில்லாத நேரத்தில் எடுத்த அளவு, ஏற்கெனவே கணித்த வேகத்தைக் குறைக்கக் கூடாது என்று அவள் சேர்த்து எழுதினாள். அந்த வாரக் கடைசியில் சபீனா கருவியைத் தன் கழுத்திலேயே வைத்துக்கொண்டாள். ரத்தக்குழாய் துடிப்பது எங்கள் திரையில் தெளிவாகத் தெரிந்தது.

"தூக்கறேன்... வைக்கறேன்... மறுபடியும் தூக்கறேன். என்னம்மா இது, உங்களைத் திட்ட ஒரு சாக்குகூட விட்டு வைக்கலியே!" என்றாள் ஃபோனில்.

ஃபான்ஸ் கைதட்டினார். நானும் தட்டினேன். டார்கஸ் மட்டும் தட்டவில்லை. "இன்னொரு தடவை தூக்கு சபீனா, இந்தத் தடவை ரொம்ப நேரம்" என்றாள், திரையிலிருந்து கண்ணெடுக்காமல்.