கற்பூரத்துக்கு ஒரு கூரை

எண்பத்து நான்கில் கிள்ளானில் அடித்த வெயிலில் காக்கைகள் பறக்க மாட்டாமல் நடந்தே போயின. அந்த வெயிலில்தான் நாகையா கற்பூரத் தொழிற்சாலை கட்டக் கிளம்பினார். சூடு பட்டால் காற்றோடு போய்விடுகிற சரக்கு. அவருடைய பழைய தகரக் கொட்டகையில் காலையில் நூறு கிலோ வைத்தால் சாயங்காலம் வாசனைதான் மிஞ்சும்.

பிரிக்பீல்ட்ஸில் ஓர் அலுவலகத்தில் கட்டடப் படம் வரைந்துகொண்டிருந்தவன் நான். நீளச் சுவர்கள் வடக்கும் தெற்கும் பார்க்க, இரட்டைக் கூரை, உச்சியில் சூடு வெளியேறத் திறப்பு, ஆள் படுத்துப் புரளும் அகலத்தில் இறவாரம் என்று வரைந்து கொடுத்தேன். நாகையா கேட்டதோ மேற்கே சாலையைப் பார்த்த முகப்பு, தணிந்த தகரக் கூரை, உள்ளே ஏர்கோன். கட்டும்போது மலிவுதான். ஆனால் மின்சார பில் முப்பது வருடம் அவரை உரித்துத் தின்னும். வீட்டை அடமானம் வைத்துத் தொழிலில் இறங்கியிருந்தார்; இது சறுக்கினால் வீடும் போகும்.

சொல்லிச் சொல்லி என் நாக்கு இரண்டு அங்குலம் தேய்ந்தது. கடைசியில் அந்த மனையிலேயே இரண்டு சின்னக் கொட்டகை போட்டேன், ஒன்று அவர் கேட்டபடி, ஒன்று என் படத்தின்படி. இரண்டிலும் பித்தளைத் தட்டில் ஒரே எடைக் கற்பூரம். மூன்று நாளில் எதில் அதிகம் கரைகிறதோ அந்தக் கூரை தோற்றது என்று பேச்சு.

மூன்றாம் நாள் மத்தியானம் நாகையா, மனைவி இராஜம்மாவோடும் நகைத் தராசோடும் வந்தார். அவர் கொட்டகையில் கற்பூரம் கால்வாசி கரைந்திருந்தது. என் கொட்டகைத் தட்டில் கரி மட்டும் இருந்தது.

நாகையாவின் லோரி ஓட்டும் தங்கமணி தலையைச் சொறிந்தபடி ஒப்புக்கொண்டான். தட்டில் கற்பூரத்தைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லையாம். ஏற்றிவிட்டான், அங்கே இருந்த வேலையாட்கள் எல்லோரும் கண்ணில் ஒற்றிக்கொண்டார்களாம்.

என் கொட்டகையிலேயே உட்கார்ந்து நாகையா சிரித்த சிரிப்பில் கிள்ளான் ஆறு ஒரு கணம் எதிர்த்திசையில் ஓடியது. "யோகண்ணே, உங்க கொட்டாயிலதான் சரக்கு மொத்தமா காலி லா. நான் சொன்ன மாதிரியே போட்டுருங்க."

இராஜம்மா சிரிக்கவில்லை. "எல்லாரும்னா எத்தனை பேரு?" என்று தங்கமணியைக் கேட்டார்.

"பதினாறு பேரு, அக்கா. சாப்பாட்டு நேரம் பூரா இங்கதான். அந்தக் கொட்டாய்க்குள்ள போனா வெந்துருவோம்."

இராஜம்மா கணவர் பக்கம் திரும்பினார். "நீங்களும் ஏன் இங்கயே உக்காந்திருக்கீங்க? உங்க கொட்டாய்ல போயி சிரிங்க."

நாகையா எழுந்திருக்கவில்லை. கழுத்தைத் துடைத்துக்கொண்டு கூரையையே அண்ணாந்து பார்த்தார். பிறகு, கட்டடத்தைத் திருப்பிவிட்டால் கம்பெனி பெயர்ப் பலகையை எங்கே வைப்பது என்று மெதுவாகக் கேட்டார். சாலையோரம் தனிச் சுவர் எழுப்பி, மலாக்காவிலிருந்தே படிக்கிற எழுத்தில் போட்டுத் தருகிறேன் என்றேன்.

என் படத்தை மடியில் விரித்து, அங்கேயே கையெழுத்துப் போட்டார்.