திறப்பவர் பெயர், நேரம்

பின்னால் நீலமும் சிவப்புமாக விளக்கு சுழன்றபோது வெர்னல் கெய்ன்ஸ் முதலில் பார்த்தது கடிகாரத்தைத்தான். மணி ஒன்பது பன்னிரண்டு.

டிக்கியில் ஓர் ஈயப் பெட்டி. அதற்குள் ஒரே ஓர் ஊசி மருந்து. புற்றுநோய் உடம்பில் எங்கெங்கே பரவியிருக்கிறது என்று ஸ்கேனில் காட்டும் மருந்து அது. சர்க்கரையோடு கொஞ்சம் கதிரியக்கத்தைச் சேர்த்துச் செய்வார்கள். பசியெடுத்த கட்டி சர்க்கரையை அள்ளித் தின்னும். தின்ற இடம் படத்தில் ஒளிரும். ஆறு வருடமாக இந்த மருந்தை வண்டியில் கொண்டுபோய்க் கொடுத்தும் வெர்னலுக்கு அது அதிசயமாகவே இருந்தது. ஆனால் அந்த மருந்துக்கு ஆயுள் குறைவு. நூற்றுப்பத்து நிமிடத்தில் அதன் வீரியம் பாதியாகிவிடும். பெட்டிக்குள் சும்மா இருந்தாலும் கரைந்துகொண்டே இருக்கும். ஆய்வகத்தில் விடியற்காலையில் ஒரே ஒருமுறைதான் தயாரிப்பார்கள். பத்தரைக்குள் மருத்துவமனையில் ஸ்கேன் எடுக்கும் லோரெட்டாவின் கைக்குப் போகாவிட்டால் இன்று ஸ்கேன் இல்லை. ஆம்ப்ளர் என்ற அம்மாள் நேற்று இரவிலிருந்து பட்டினி கிடக்கிறார். நாளை காலை அவருக்கு அறுவை சிகிச்சை. எங்கே வெட்டுவது என்பதை அந்தப் படம்தான் சொல்ல வேண்டும்.

வெர்னல் உடனே நிறுத்தவில்லை. இருபுறமும் ஆள் உயரச் சோளம். அந்த மாதிரி ஆளில்லாத இடத்தில், அமெரிக்கக் கறுப்பினத்தவரான அவர் வீட்டில் யாரும், அவர் தேவாலயத்தில் யாரும் போலீசுக்காக வண்டியை நிறுத்த மாட்டார்கள். நான்கு இண்டிகேட்டரையும் போட்டார். வேகத்தை இருபதுக்குக் குறைத்து, அரை மைல் தள்ளியிருந்த பெட்ரோல் பங்க் வரை ஊர்ந்தார்.

இன்ஜினை அணைத்து, நான்கு கண்ணாடிகளையும் இறக்கி, சாவியை டேஷ்போர்டு மேல் வைத்தார். பத்து விரலும் தெரியும்படி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார்.

இளைஞர்தான் அந்த அதிகாரி. சட்டையில் 'கீன்' என்று பெயர்.

"ஏன் நிறுத்தல? ஓடப் பாத்தியா?"

"ஓடல சார். நாலு பேர் இருக்கிற எடமா நிறுத்தலாம்னு வந்தேன்."

"நாலு பேர் எதுக்கு? நான் ஒருத்தன் பத்தாதா?"

வெர்னல் ஸ்டியரிங்கில் இருந்த விரல்களை இன்னும் விரித்து வைத்தார்.

"லேன் மாறுறப்போ இண்டிகேட்டர் லேட்டாப் போட்ட. லைசென்ஸ், வண்டிப் பேப்பர் எடு."

லைசென்ஸ் சட்டைப்பையில் இருந்தது. வண்டிப் பேப்பர்தான் சிக்கல். சொந்தக் காரில் அதை ஒளிபுகும் உறையில் போட்டு, தலைக்கு மேலே வெயில் தடுப்பில் செருகியிருப்பார். கை எங்கேயும் தேட வேண்டியதில்லை, அதிகாரியின் கண்ணிலிருந்து மறைய வேண்டியதில்லை; செருகியதே அதற்காகத்தான். இன்று அந்தக் கார் ஒர்க்‌ஷாப்பில். கம்பெனி கொடுத்த மாற்று வண்டியில் அதை எடுத்து மேலே செருக மறந்துவிட்டார்.

"பேப்பர் முன்னாடி டேஷ்போர்டு பெட்டிக்குள்ள இருக்கு சார். வலது கையால தெறக்கப் போறேன். தெறக்கட்டுமா?"

"மெதுவா."

மூடி விழுந்தது. கூடவே கறுப்பாக ஏதோ உருண்டு வந்தது. கீனின் துப்பாக்கி உறையின் பட்டன் 'டக்'கென்று கழன்றது.

"டார்ச் சார்! டார்ச் லைட்டு! நான் தொடல!"

டார்ச் சீட்டில் விழுந்து நின்றது. கீனின் கழுத்து நரம்பு துடித்தது.

"எறங்கு. கையை பானெட் மேல வை."

பானெட் சுட்டது. இரண்டாவது போலீஸ் வண்டி வந்தது. டிக்கியில் அவசர மருந்து இருக்கிறது என்று வெர்னல் சொல்லிப்பார்த்தார். லைசென்ஸை அவர்கள் தங்கள் காருக்குக் கொண்டுபோனார்கள். ஒன்பதரை ஆனது. ஒன்பது ஐம்பதும் ஆனது. பங்க் வாசலில் காபிக் கோப்பையோடு ஒரு பெண் செல்போனை உயர்த்திப் படம் பிடித்தபடி நின்றாள்.

"அண்ணே, நான் இங்கதான் இருக்கேன்! எங்கயும் போகல!"

"உள்ள போம்மா," என்றார் கீன்.

"காபி ஆறட்டும்னு நிக்கிறேன். அதுக்கும் இண்டிகேட்டர் போடணுமா?"

கீன் திரும்பி டிக்கியைத் திறந்தார். பெட்டியைத் தூக்கப் பார்த்தார். லேசில் எழவில்லை.

"மருந்துன்னு சொன்னியே. இந்தக் கனம் கனக்குது?"

"ஈயம் சார். உள்ள இருக்கிற கதிர் வெளிய வராம தடுக்கும். மஞ்சள் லேபிள்ல நம்பர் இருக்கு, போன் பண்ணிக் கேளுங்க."

"போன் எதுக்கு? தெறந்தாத் தெரியுது. சாவி எங்க?"

சீல் உடைந்தால் லோரெட்டா அதைத் தொட மாட்டாள். வெர்னல் கையை எடுக்காமல், தலையை மட்டும் திருப்பினார். குரலை உயர்த்தவில்லை.

"சாவி கெடையாது சார், சீல்தான். அதை ஒடைக்கிறதுன்னா ஒரு நடைமுறை இருக்கு. பெட்டி மேல ஒரு தாள் இருக்கு பாருங்க. பெட்டி யார் யார் கையில போகுதோ அவங்க எல்லாரும் அதுல எழுதணும். காலைல மருந்து செஞ்சவர் எழுதியிருக்கார். நான் எழுதியிருக்கேன். தெறக்கிறவங்க பேரு, நேரம், கையெழுத்து, மூணாவது கட்டம். பேனா அதுலயே இருக்கு. மருந்து வீணாச்சுன்னா அந்தத் தாளை வச்சுத்தான் விசாரிப்பாங்க."

கீன் தாளைப் பார்த்தார். இரண்டு கட்டங்கள் நிறைந்திருந்தன, மூன்றாவது காலி. பேனா சங்கிலியில் தொங்கியது. இரண்டாவது வண்டியில் வந்த மூத்த அதிகாரியும் அதைப் படித்தார். பிறகு ஓரடி பின்னால் நகர்ந்தார்.

கீன் பேனாவைத் தொடவில்லை. டிக்கியை அறைந்து மூடினார்.

"இந்தத் தடவை எச்சரிக்கையோட விடறேன். பாத்துப் போ."

மணி பத்து நான்கு. வெர்னல் வண்டியை எடுத்தார். வேக எல்லைக்கு மேலே ஒரு மைல்கூட அவர் ஏற்றவில்லை.

பத்து இருபத்தைந்துக்கு லோரெட்டா பெட்டியை வாங்கினாள்.

"என்ன அண்ணே, வழியில பிக்னிக்கா?" என்றவள் அவர் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். "மறுபடியும் போலீஸா?"

"மறுபடியும்தான். தேறுமா?"

மூன்றாவது கட்டத்தில் தன் பெயரையும் நேரத்தையும் எழுதி, சீலை உடைத்து, ஊசியை அளவுக் கருவியில் வைத்தாள். நேரத்துக்கு வந்திருந்தால் இருந்திருக்கும் அளவில் கால் பங்குக்கு மேல் போயிருந்தது.

"தேறும். வெளிச்சம் கம்மி, அவ்வளவுதான். போட்டோவுல ஷட்டரைக் கூட நேரம் தெறந்து வைக்கிற மாதிரி, ஸ்கேனை நீட்டிக்கணும். இருபது நிமிஷத்துக்குப் பதிலா முப்பது."

ஊசியைத் தட்டில் எடுத்து வைத்தாள்.

"பத்து நிமிஷம் கூட ஆனா அந்தம்மாவுக்குக் கஷ்டமா?"

"கையை ரெண்டையும் தலைக்கு மேல தூக்கி வச்சுக்கணும் அண்ணே. அசையவே கூடாது. தோள் கழண்டுடும்."

வெர்னல் தன் உள்ளங்கைகளைப் பார்த்தார். பானெட்டின் சூடுபட்டு இன்னும் சிவந்திருந்தன.

"நான் வெளிய உக்காந்திருக்கேன்," என்றார். "முடிஞ்சதும் சொல்லு."