கரையில் ஆறு மணி நேரம்

கப்பலில் சலவை அறை நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. பன்னிரண்டு வருடமாக அங்கே எனக்கு ராத்திரி ஷிப்ட். கப்பல் எந்தத் துறைமுகத்தில் நின்றாலும் எனக்கு அது தூங்கும் நேரம். ஊர் பார்க்க இறங்குகிற ஆள் இல்லை நான்.

அன்றைக்கு இறங்கியது மாப்பிள்ளைக்காக. தங்கை புருஷன். ஏழு மாதத்துக்கு முன்னால் நான்தான் சிபாரிசு பிடித்து அவரைச் சமையலறையில் சேர்த்துவிட்டேன். "இவர் என் ஆள், எதுவானாலும் நான் பொறுப்பு" என்று கையெழுத்தும் போட்டிருந்தேன். உருளைக்கிழங்கு தோல் சீவுகிற வேலை. கப்பல் முழுக்க அவருக்கு 'உருளை' என்றே பெயர்.

துறைமுகத்தில் நின்றாலும் ஊழியர்களில் மூன்றில் ஒரு பங்கு கப்பலிலேயே இருந்தாக வேண்டும். தீப்பிடித்தால் அணைக்க ஆள் வேண்டுமே. அன்றைக்கு மாப்பிள்ளையின் முறை. "ஒரே ஒரு தடவை ஊரைச் சுத்திப் பாக்கணும் மச்சான்" என்று ஒரு வாரமாக என்னை நச்சரித்தார். பாத்திரம் கழுவுகிற ஒருவனுக்கு என் அடுத்த இரண்டு இறங்கும் நாட்களைக் கொடுத்து முறையை மாற்றி வாங்கினேன்.

ஒன்பது மணிக்கு இறங்கினோம். கப்பல் வாசலில் அட்டையைத் தேய்த்து ஆள் கணக்கு வைக்கிற காவல்காரருக்கு 'அலாரம்' என்று பெயர். எதற்கெடுத்தாலும் கத்துவார்.

"மூணு மணிக்குள்ள வந்துடணும். மாமனும் மச்சானும் கைகோத்துக்கிட்டு கடை கடையா நிக்காதீங்க."

"உருளை ஓடிட்டா நாளைக்கு நம்ம தட்டுல என்னண்ணே விழும்? பத்திரமா கூட்டிட்டு வந்துடறேன்" என்றேன்.

வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். மாப்பிள்ளை சிரிக்கவில்லை.

மணிக்கூண்டைப் பார்த்தோம். பிறகு கோட்டை. கொடி பிடித்த வழிகாட்டிகளுக்குப் பின்னால் எங்கள் கப்பல் பயணிகளே ஆட்டு மந்தை மாதிரி ஏறிக்கொண்டிருந்தார்கள். மேலே பீரங்கிகள், கடலைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு. ஊரைச் சுற்ற வேண்டும் என்று உயிரை எடுத்த மனிதர் எதையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. வழியில் பஸ் நிறுத்தத்துப் பலகையை மட்டும் இரண்டு முறை நின்று படித்தார்.

வெயில் மண்டையைப் பிளந்தது. நான் சட்டையில் இரண்டு பொத்தானைக் கழற்றிவிட்டேன். அவர் கழுத்துவரை போட்டிருந்தார். வியர்வை கொட்டியது. நான் காலர்களைப் பார்த்தே காலம் தள்ளுகிறவன். வெள்ளைக் காலருக்கு அடியில் ஒரு விரல் அகலத்துக்கு நீலம் தெரிந்தது. இடுப்பைப் பார்த்தேன். பேன்ட்டும் இரண்டு.

"என்ன மாப்ள, குளிருதா?"

"இல்லையே மச்சான்."

"அப்புறம் எதுக்கு ரெண்டு சட்டை?"

பையோடு இறங்கினால் வாசலில் திறந்து பார்ப்பார்கள். அதனால் உடம்பிலேயே மாட்டிக்கொண்டு வந்திருக்கிறார்.

"நான் திரும்பி வரல மச்சான்" என்றார். "போன வாரம் டாக்டர் பாத்தாரு. சர்க்கரை முந்நூறு. அடுத்த ஒப்பந்தம் கெடையாதுன்னுட்டாங்க. இங்கிருந்து மூணு மணி நேரம் பஸ்ல போனா ஒரு ரொட்டிக்கடை. தெரிஞ்ச ஆள் இருக்காரு."

"பாஸ்போர்ட்டு கப்பல்ல இருக்கு. காகிதம் இல்லாத ஆளுக்கு எவன் மருந்து குடுப்பான்?"

"பாத்துக்கலாம்."

"என்னத்தப் பாத்துக்குவ? என் தங்கச்சிக்கு நான் என்னடா பதில் சொல்றது?"

தங்கை கல்யாணமான ஒன்பது வருடத்தில் அவரை 'டா' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை.

"அவகிட்ட நானே சொல்லிக்கிறேன். நீங்க எதுவும் சொல்லாதீங்க."

அவர் சட்டையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தேன். இரண்டு சட்டையும் கையில் வந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு கொடி மேலே வந்தது, பின்னால் முப்பது பேர். பயணிகள் கண்ணெதிரே ஊழியர்கள் சண்டை போட்டால் அடுத்த துறைமுகத்தில் இறக்கிவிட்டுவிடுவார்கள். பன்னிரண்டு வருடப் பழக்கம். கையை எடுத்துக்கொண்டு புன்னகை செய்தேன். ஒரு அம்மாள் தங்களைப் படம் எடுத்துத் தரச் சொல்லி கேமராவை நீட்டினார். வாங்கி எடுத்துக் கொடுத்தேன். திரும்பினால் மாப்பிள்ளை பாதிப் படிக்குக் கீழே இருந்தார். ஓடவில்லை, நடந்துதான் போனார்.

கத்தியிருக்கலாம். கோட்டை வாசலில் போலீஸ் நின்றது.

துறைமுகத்துக்கு வெளியே ஒரு பெஞ்சில் இரண்டு மணிவரை உட்கார்ந்திருந்தேன். எப்படிச் சொல்வது என்று மனதுக்குள் ஐந்து விதமாகச் சொல்லிப் பார்த்தேன். பிறகு தங்கைக்கு போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"அண்ணா, பஸ் ஏறிட்டாரா?"

நான் இன்னும் வாயே திறக்கவில்லை.

"உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"நான்தான் போகச் சொன்னேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"சொன்னா நீ கையெழுத்துப் போட்டேன், காலெழுத்துப் போட்டேன்னு குதிப்ப. ரெண்டு பேரும் வேலையில்லாம இங்க வந்து என் மூஞ்சியப் பாத்துட்டு உக்காந்திருக்கவா? நாலு மணி வரைக்கும் வாயத் தொறக்காத. அதுக்குள்ள பஸ் ரொட்டிக்கடை ஊருக்குப் போயிரும்."

"என் வேலை போயிரும்டி."

"தெரியும்ணா."

மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. பையன் அழுகிறான் என்று வைத்துவிட்டாள்.

இரண்டே முக்காலுக்குக் கப்பல் வாசலில் அட்டையைத் தேய்த்தேன்.

"எங்க உருளை?" என்றார் அலாரம்.

"வயிறு சரியில்லண்ணே. கக்கூஸ் தேடிப் போயிருக்காரு. பின்னாடியே வந்துருவாரு."

"கண்ட எடத்துல தின்னா அப்படித்தான். மூணு அடிச்சா நான் மேல சொல்லிருவேன், தெரியுமில்ல?"

"தெரியும்."

நேராகக் கீழே போனேன். சலவை அறையில் பகல் ஆள் மூலையில் குந்தித் தூங்கிக்கொண்டிருந்தான். மூன்று பத்துக்கு ஒலிபெருக்கியில் மாப்பிள்ளையின் ஊழியர் எண்ணைக் கூப்பிட்டார்கள். மூன்று முறை. பிறகு என் எண்ணை, உடனே வாசலுக்கு வரச் சொல்லி.

பெரிய இயந்திரம் ஒன்றில் துண்டுகளைத் திணித்து ஓடவிட்டேன். மறுபடி கூப்பிட்டார்கள். இரண்டாவதையும் ஓடவிட்டேன். அதில் போட அழுக்குத் துணி இல்லை. துவைத்து அடுக்கி வைத்திருந்த விரிப்புகளையே அள்ளிப் போட்டேன். நான்கு இயந்திரமும் ஓடினால் அந்த அறையில் ஒலிபெருக்கி கேட்காது. சுவரில் மணி மூன்று இருபது.

மூன்றாவதின் கதவைத் திறந்தேன்.